புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டாச்சு, படம் வரவில்லையா?

கார்டைப் பொருத்தி பட்டனை அழுத்துகிறீர்கள். விசிறிகள் சுற்றுகின்றன, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் "சிக்னல் இல்லை" என்று வந்து நிற்கிறது. பல மாதம் ராண்டு சேர்த்து வாங்கிய கார்டு அது. வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் சொந்தக்காரர், தெரிந்தவர் வீட்டுக் கம்ப்யூட்டர்களை வாரக் கடைசியில் பார்த்துக் கொடுக்கிறேன். "கார்டு செத்துப்போச்சு அண்ணா" என்று என்னிடம் வந்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்டு நன்றாகவே இருந்தது. கேபிள் தவறான இடத்தில் இருக்கும், மின்சாரம் போதாமல் இருக்கும், பழைய டிரைவர் (விண்டோஸில் கார்டை இயக்கும் மென்பொருள்) வழியை மறித்துக்கொண்டிருக்கும். அதனால் கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கீழே இருப்பதை வரிசையாகச் செய்து பாருங்கள். முன்பின் பெட்டியைத் திறக்காதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

படம் எந்த இடத்தில் நின்றது?

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பட்டனை அழுத்தியதிலிருந்தே திரை கறுப்பாக இருந்தால் சிக்கல் கேபிள், பொருத்தம், மின்சாரம், மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பெரிய போர்டு) இவற்றில் ஏதோ ஒன்றில். மதர்போர்டு கம்பெனியின் சின்னம் தெரிந்து, விண்டோஸ் வட்டம் சுற்றி, அதற்குப் பிறகு கறுத்தால் பெரும்பாலும் டிரைவர். டெஸ்க்டாப்பில் மணிக்கணக்காக நன்றாக ஓடிவிட்டு, விளையாட்டைத் திறந்தவுடன் முழுப் பெட்டியும் அணைந்தால் மின்சாரம். அணையாமல் வேகம் மட்டும் படிப்படியாகக் குறைந்தால் சூடு. திரையில் வண்ணச் சதுரங்களும் கோடுகளும் பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள்) திரையிலிருந்தே தெரிந்தால் மட்டும், ஆமாம், கார்டைச் சந்தேகப்பட வேண்டியதுதான்.

இன்னொரு விதி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கேபிளையும் மாற்றி, கார்டையும் கழற்றிப் போட்டு, பயாஸிலும் கைவைத்தால், சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே தொல்லை வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

திறப்பதற்கு முன்

விண்டோஸை முறையாக அணைத்து, சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கையும் உருவிவிடுங்கள். அப்புறம் கேபினெட்டின் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். கார்டைத் தொடுவதற்கு முன்னும், வேலையின் நடுவே அடிக்கடியும், பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். டர்பன் ஈரக்காற்றில் நிலைமின்சாரத் தொல்லை குறைவு. ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் ஜூன், ஜூலை மாதங்களில் காற்று வறண்டு கிடக்கும். கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே பட்பட்டென்று பொறி பறக்கும். அங்கே இருப்பவர்கள் கம்பளிச் சட்டையோடும், தரைவிரிப்பின் மேல் உட்கார்ந்தும் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

பவர் சப்ளையை, அதாவது சுவர் மின்சாரத்தை வாங்கி உள்ளே பிரித்துத் தரும் இரும்புப் பெட்டியை, மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

முதலிலிருந்தே கறுப்புத் திரை

மானிட்டர் கேபிளைப் பாருங்கள். கேபினெட்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளை இரண்டு இடத்தில் இருக்கும். மேலே, யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் நெடுக்காக நிற்பது மதர்போர்டுடையது. கீழே, படுக்கைவாட்டில் வரிசையாக இருப்பவை புதிய கார்டுடையவை. கேபிள் கீழே இருக்கும் துளைக்குத்தான் போக வேண்டும். பழைய இடத்திலேயே செருகிவிடுவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் மேலே உள்ள துளையைத் தாமாகவே அணைத்துவிடும், அதனால் அங்கிருந்து படம் வராது.

சரியான துளையில் செருகியும் வரவில்லையென்றால் வேறு துளை, வேறு கேபிள் என்று மாற்றிப் பாருங்கள். டிஸ்ப்ளே போர்ட்டில் இருந்தால் எச்டிஎம்ஐக்கு மாற்றுங்கள். மானிட்டரின் பட்டனை அழுத்தி உள்ளீடு எதில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். பழைய விஜிஏ மானிட்டருக்கு மலிவான மாற்றி போட்டிருப்பவர்கள், வீட்டு டிவியில் ஒருமுறை எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாற்றியே காரணமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கார்டு உட்கார்ந்திருக்கும் விதம். பெட்டியைத் திறந்து, படுக்கவைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கார்டின் அடியில் இருக்கும் தங்கநிறத் தகடு கொஞ்சம்கூட வெளியே தெரியக் கூடாது. ஒரு முனை அமர்ந்து மறுமுனை தூக்கிக்கொண்டிருப்பது சகஜம். காரணம் பெரும்பாலும் கேபினெட்டின் பின்பக்கத் தகடு இடிப்பது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, துளையின் கடைசியில் இருக்கும் பிளாஸ்டிக் பூட்டை அமுக்கி, கார்டை நேராக மேலே எடுங்கள். பூட்டைத் திறக்காமல் இழுத்தால் துளையே பெயர்ந்து வந்துவிடும். தகட்டைச் சுத்தமான துணியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள். ப்ளஃப் மாதிரி கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இந்த வேலையை விட்டுவிடக் கூடாது. உப்புக்காற்று தகட்டில் மங்கலாகப் படியும், பழைய கார்டு வாங்கியவர்களுக்கு இன்னும் கூடுதலாக. காய்ந்த பிறகு சிபியுவுக்கு (முழுப் பெட்டி அல்ல, மதர்போர்டில் இருக்கும் பிராசசர் சிப்) மிக அருகில் இருக்கும் நீளமான துளையில் வைத்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்துங்கள். 'டிக்' என்று பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகே ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

மூன்றாவது, கார்டுக்குப் போகும் மின்கேபிள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மதர்போர்டின் துளை வழியாக ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற சிறிய கார்டுகள் பலவற்றுக்கு அது போதும், தனிக் கேபிள் வேண்டாம். அதைவிடப் பெரியதெல்லாம் பவர் சப்ளையிலிருந்து நேரடியாகக் கேபிள் கேட்கும். 6 முள் கேபிள் 75 வாட் தரும், 8 முள் கேபிள் 150 வாட் தரும். கார்டில் இரண்டு துளை இருந்தால் இரண்டிலும் செருகியே ஆக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் விசிறி மட்டும் வேகமாகச் சுற்றி, படம் வராமல் நிற்கும். சில கார்டுகள் திரையிலேயே மின்கேபிளை இணைக்கச் சொல்லி எழுதிக் காட்டும்.

சிபியுவுக்குப் போகும் கேபிளும் 8 முள்தான். ஆனால் அது நான்கும் நான்குமாகப் பிரியும். கார்டுக்கு உரியது ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே கம்பி வரிசை நேர்மாறு. செருகும்போது சுலபமாகப் போகவில்லையென்றால் அமுக்கித் திணிக்காதீர்கள், கையில் எடுத்திருப்பது தவறான கேபிளாக இருக்கலாம். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளை என்றால் அந்தப் பவர் சப்ளையோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். நண்பர் வீட்டிலிருந்து வாங்கிவந்த வேறு கம்பெனிக் கேபிள் இரண்டு முனையிலும் அழகாகப் பொருந்தும், ஆனால் முள் வரிசை மாறியிருந்தால் கார்டோ ஹார்ட் டிஸ்கோ அந்த நொடியே போய்விடும். இதைப் பலமுறை சொல்லியும் செய்கிறார்கள், அதனால் இங்கேயும் சொல்கிறேன்.

கார்டுக்கு இரண்டு துளை இருந்து, பவர் சப்ளையிலிருந்து வரும் ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்கினால், இரண்டையும் அதிலிருந்தே எடுக்காதீர்கள். பெரிய கார்டுக்குத் தனித்தனியாக இரண்டு கேபிள் ஓட்டுங்கள். ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் பல கார்டுகளில் வரும் சின்ன 16 முள் கேபிளை, இடைவெளி துளியும் தெரியாத அளவுக்கு உள்ளே தள்ள வேண்டும். முழுதாக அமராமல், துளைக்கு ஒட்டியே மடக்கிவைத்த இந்தக் கேபிள்கள் சூடேறி உருகியிருக்கின்றன. துளையிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் நேராகப் போன பிறகே வளையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் திரை கறுப்பா? மதர்போர்டின் ஓரத்தில் சின்ன விளக்குகள் நான்கு இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். எது அணையாமல் எரிகிறதோ அங்கே போர்டு சிக்கிக்கொண்டு நிற்கிறது. விஜிஏ எரிந்தால் கார்டுப் பக்கம்தான். டிராம் எரிந்தால், கார்டு போடும்போது கை பட்டு ராம் (நினைவகப் பலகை) தளர்ந்திருக்கலாம். ராமைக் கழற்றி மறுபடி அழுத்திப் போடுங்கள். விளக்கு இல்லாத பழைய போர்டுகளில் ஒரு நீளமான பீப்பும் இரண்டு குட்டை பீப்பும் கேட்டால் அது பெரும்பாலும் கார்டைப் பற்றிய புகார்.

பிறகு பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிளக்கை உருவிவிட்டு, போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் வைத்திருந்து மறுபடி போட்டால் போதும். அதற்கு அடுத்து முதல்முறை ஆன் ஆகக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், பதற வேண்டாம்.

பத்து வருடத்துக்கு மேற்பட்ட மதர்போர்டில் புத்தம்புதிய கார்டைப் போட்டவர்களுக்கு வேறொரு சிக்கல். புதிய கார்டுகள் யுஇஎஃப்ஐ என்ற புதிய பயாஸ் முறையை எதிர்பார்க்கின்றன. பழைய போர்டில் சிஎஸ்எம் என்ற பழைய முறை போட்டிருந்தால் சில கார்டுகள் படம் காட்டாது. கார்டைக் கழற்றி, மதர்போர்டின் சொந்தத் துளையில் மானிட்டரைச் செருகி, டெல் அல்லது எஃப்2 விசையால் பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்மை அணைக்கலாம். அணைப்பதற்கு முன் விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டிருக்கிறது என்று 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் பாருங்கள். 'பயாஸ் மோட்' என்ற இடத்தில் 'லெகசி' என்று இருந்தால், சிஎஸ்எம்மை அணைத்ததும் விண்டோஸ் திறக்காது. அப்போது டிஸ்கை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றிவிட்டு வர வேண்டும். அதற்கான கருவி 2017 முதல் விண்டோஸ் 10இலேயே இருக்கிறது. முக்கியமான படங்களையும் கோப்புகளையும் வேறு டிஸ்கில் நகலெடுக்காமல் இதைத் தொடாதீர்கள்.

சில சிபியுக்களில் படம் காட்டும் வசதியே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இன்டெல் சிபியு பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் இல்லை. ரைசன் 5 5600 போன்றவற்றிலும் இல்லை. அப்படிப்பட்ட பெட்டியில் மதர்போர்டுத் துளையில் மானிட்டரைச் செருகி எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. வேலை செய்யும் பழைய கார்டு ஒன்றை அலமாரியில் வைத்திருப்பது அப்போதுதான் கைகொடுக்கும்.

நம் ஊர் மின்சாரம்

வேறு நாட்டு வழிகாட்டிகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. நமக்கு இதுதான் பெரிய அத்தியாயம்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டி அப்படியே ஓடும். ஊரில் கீசருக்கும் ஏசிக்கும் போடும் பெரிய 15 ஆம்பியர் பிளக், மூன்று தடித்த உருண்டைக் கால், அதுதான் இங்கே சாதாரண பிளக். சின்ன 5 ஆம்பியர் பிளக் பொருந்தாது. அதற்காக மூன்றாவது காலை விட்டுவிடும் மலிவான அடாப்டரைப் போடாதீர்கள். அந்தக் கால்தான் எர்த். எர்த் இல்லாத பெட்டியில் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். அந்த நிலையில் டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் கார்டின் துளையே பழுதாகலாம். உள்ளூர் பிளக் வைத்த பவர் கேபிள் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு 2023இல் ஆறாம் நிலை வரை போய் நம்மை வாட்டியது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பெருமளவு அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் வாங்கிய யுபிஎஸ், டிராலி இன்வெர்ட்டர் எல்லாம் இன்னும் வீடுகளில் இருக்கின்றன, கம்ப்யூட்டரும் அதில்தான் செருகியிருக்கிறது. புதிய கார்டு வந்ததும் அந்த யுபிஎஸ்ஸால் தாங்க முடியாமல் போவதை யாரும் யோசிப்பதில்லை.

டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் ஒரு அக்காவின் மகன் ஆர்டிஎக்ஸ் 3070 ஒன்றைப் பழையதாக வாங்கினான். டெஸ்க்டாப், யூடியூப் எல்லாம் பிரமாதம். விளையாட்டைத் திறந்து இரண்டு நிமிடத்தில் முழுப் பெட்டியும், மானிட்டரோடு சேர்ந்து, பட்டென்று அணைந்துவிடும். விற்றவர் கார்டைத் திரும்ப வாங்கித் தன் பெட்டியில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கொடுத்துவிட்டார். பையன் நம்பவில்லை, பெரிய மனஸ்தாபம் ஆகிவிட்டது. நான் போனபோது மேசைக்கு அடியிலிருந்து ஒரு பீப் சத்தம் கேட்டது. 650 விஏ யுபிஎஸ். பெயரில் 650 இருந்தாலும் வாட் கணக்கில் அது 360 சொச்சம்தான். கார்டு மட்டுமே 220 வாட் இழுக்கும். சிபியு, மானிட்டர், பவர் சப்ளையில் வீணாகும் பங்கு எல்லாம் சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல், இந்த வகைக் கார்டுகள் மில்லிவிநாடி நேரத்துக்குத் தங்கள் வழக்கமான அளவைவிட மிக அதிகமாகக் குடிக்கும். பெட்டியை நேராகச் சுவரில் செருகினோம். மாலை முழுவதும் விளையாடினான், ஒருமுறைகூட அணையவில்லை. அக்கா அதற்குள் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்துவிட்டார்.

முழுப் பெட்டியும் அணைகிறது என்றால், மானிட்டரும் சேர்ந்து அணைகிறதா என்று கவனியுங்கள். சேர்ந்து அணைந்தால் யுபிஎஸ் அல்லது மல்டிபிளக். மானிட்டர் எரிந்துகொண்டிருக்க, கேபினெட் மட்டும் அணைந்தால் உள்ளே இருக்கும் பவர் சப்ளை. இந்த ஒரு கவனிப்பு எத்தனையோ சண்டையைத் தவிர்க்கும்.

பவர் சப்ளை எவ்வளவு வேண்டும்? ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் எடுக்கும், அதற்கு 550 வாட் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறார்கள். 3070க்கு 650, 3080க்கு 750. ஸ்டிக்கரில் உள்ள மொத்த எண்ணைவிட 12 வோல்ட் வரிசையில் எத்தனை வாட் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், கார்டு குடிப்பது அதிலிருந்துதான். '600 வாட்' என்று பெரிதாக எழுதி, 12 வோல்ட்டில் அதில் பாதிகூடத் தராத பெட்டிகள் சந்தையில் கிடைக்கின்றன. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை மலிவாக வாங்கி அதில் கார்டு போடுபவர்கள் அதிகம். அவற்றில் 240, 300 வாட் பவர் சப்ளைதான் இருக்கும், கார்டுக்கான கேபிளும் இருக்காது. ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளிலிருந்து 8 முள்ளுக்கு மாற்றித் தரும் துண்டுக் கேபிளை வாங்கிப் போடாதீர்கள். சாட்டா கேபிளால் தாங்க முடிவது 54 வாட் அளவுதான். 150 வாட் கேட்டால் கேபிள் எரியும், எரிந்ததை நான் முகர்ந்திருக்கிறேன்.

யுபிஎஸ் வழியாகவே ஓட்ட வேண்டும் என்றால் சைன் அலை சுத்தமாகத் தருவதை வாங்குங்கள். மலிவான இன்வெர்ட்டர்கள் சதுரமான அலையைத் தருகின்றன. நல்ல பவர் சப்ளைகளில் சில அதைப் பிடிக்காமல், கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில் அணைந்துவிடும். கரன்ட் போனால் சுவர் சுவிட்சை அணையுங்கள். திரும்பி வந்த பிறகு ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். வரும் வேகத்தில் தூக்கியடிக்கும் மின்னழுத்தம்தான் கார்டைக் கொல்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் கோடை மதியத்து இடிமழைக்கு, பிளக்கையே உருவிவிடுவது நல்லது. இணையக் கேபிளையும் சேர்த்து.

விண்டோஸ் வரை வந்து கறுத்தால்

மூச்சை விடுங்கள், கார்டு உயிரோடுதான் இருக்கிறது.

முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் கேட்டு திரை மின்னும், படம் திரும்பிவந்தாலும் வரும். வரவில்லையென்றால், விண்டோஸ் படத்தை வேறு மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் விசையோடு பி (P) அழுத்தி மாற்றிப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் பழைய டிரைவரை வேரோடு எடுக்க வேண்டும். என்விடியா கம்பெனிக் கார்டிலிருந்து ஏஎம்டிக்கோ, ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கோ மாறியவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். டிடியு என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' இதற்கான இலவசக் கருவி. செய்யும் வரிசை இது:

1. புதிய கார்டுக்கான டிரைவரை, தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து முன்னதாகவே இறக்கி வையுங்கள். டிடியுவையும் இறக்கி வையுங்கள்.
2. இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபை, கேபிள் இரண்டையும். இல்லையென்றால் நீங்கள் அழித்துக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் தானாக ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும்.
3. சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ்) திறங்கள். திரை கறுப்பாகவே இருந்தால், விண்டோஸ் வட்டம் சுற்றும்போது பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் பழுதுபார்க்கும் திரை தானே வரும், அதிலிருந்து சேஃப் மோடுக்குப் போகலாம்.
4. டிடியுவை ஓட்டி, 'அழித்துவிட்டு மறுபடி தொடங்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
5. சாதாரணமாகத் திறந்ததும் இறக்கிவைத்த டிரைவரை நிறுவி, அதற்குப் பிறகு இணையத்தை இணையுங்கள்.

டேட்டா விலை நமக்குத் தெரியும். டிரைவர் கோப்பு பல நூறு எம்பி இருக்கும். மொபைல் டேட்டாவில் இறக்குவதைவிட ஃபைபர் உள்ள நண்பர் வீட்டில் பென் டிரைவில் எடுத்துவருவது மேல்.

பிறகு டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' வரிசையைத் திறங்கள். கார்டின் பெயர் தெரிந்தால் சரி. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவர் ஏறவில்லை. மஞ்சள் முக்கோணத்தோடு 'கோட் 43' என்று வந்தால், டிடியு முறையை இன்னொரு தடவை செய்யுங்கள். மறுபடியும் அதே எண் வந்தால் கார்டின் உள்ளே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஆர்எக்ஸ் 580 வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிரிப்டோ நாணயம் தோண்ட ஓடிய கார்டுகளில் கார்டின் சொந்த பயாஸையே மாற்றியிருப்பார்கள், ஏஎம்டி டிரைவர் அதை ஏற்காது. கார்டின் விளிம்பில் சின்ன சுவிட்ச் ஒன்று இருந்தால் பெட்டியை அணைத்துவிட்டு மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். சில கார்டுகளில் அங்கே அசல் பயாஸ் இருக்கும்.

ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளையும் ஓட்டுங்கள். பழைய மலிவான சிப்பை வைத்துக்கொண்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்கும் மோசடி பல வருடமாக நடக்கிறது. அப்படிப்பட்ட என்விடியா கார்டுகளைக் கண்டால் ஜிபியு-இசட் 'போலி' என்று முகப்பிலேயே காட்டும். பழைய கார்டு வாங்கும்போது இதை விற்பவர் வீட்டிலேயே, பணம் கொடுப்பதற்கு முன் ஓட்டச் சொல்லிப் பாருங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

சூடு

தைப்பூசக் காவடி எடுக்கும் ஜனவரி, பிப்ரவரியில்தான் டர்பனில் புழுக்கம் உச்சம். அறையே 30 டிகிரியில் இருந்தால் கார்டு எங்கிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும்? ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கத்தைத் திறந்துவைத்து அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். 80 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. 85ஐத் தாண்டி, கூடவே வேகமும் இறங்கினால் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். கதவைக் கழற்றியதும் நன்றாகக் குறைந்தால் கார்டில் குறையில்லை, பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை. முன்பக்கம் ஒரு விசிறி சேர்த்தால் சரியாகும். கதவை நிரந்தரமாகத் திறந்துவிடாதீர்கள். சூடான பெட்டிக்குள் குடிவரப் பல்லிக்கும் கரப்பானுக்கும் டர்பனில் வழி சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பக்கத்தில் மூடியில்லாத துளைகளையும் மூடிவிடுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே கார்டு, அதே விசிறி வேகத்தில், அதே அறை வெப்பத்தில், அங்கே கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும். டர்பனில் இருக்கும் தம்பியின் எண்களோடு உங்கள் எண்களை ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

டெஸ்க்டாப்பில் கார்டின் விசிறி சுற்றாமல் நிற்பது பழுதல்ல. 50, 60 டிகிரி வரை விசிறியை நிறுத்திவைக்கும்படியே இப்போதைய கார்டுகள் பலவற்றைச் செய்கிறார்கள். விளையாடும்போது கீச்சென்று மெல்லிய சத்தம் வருவதும் பெரும்பாலும் கோளாறு இல்லை.

படம் வருகிறது, வேகம் மட்டும் இல்லை

கார்டைச் சிபியுவுக்கு அருகில் இல்லாமல் கீழே இருக்கும் இரண்டாவது துளையில் போட்டிருக்கலாம். நீளம் ஒன்றாக இருந்தாலும் கீழ்த்துளை பெரும்பாலும் கால்பங்கு பாதையோடுதான் இணைந்திருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் 60இல் வைத்திருக்கலாம், டிஸ்ப்ளே அமைப்பில் மாற்றுங்கள். இன்டெல் ஆர்க் கார்டு வாங்கியவர்கள் பயாஸில் 'ரீசைஸபிள் பார்' வசதியைப் போடாவிட்டால் வேகம் பாதியாகக்கூட விழும்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லையா?

கார்டை வேறொருவர் பெட்டியில் போட்டுப் பாருங்கள். அவருடைய கார்டை உங்கள் பெட்டியில் போட்டுப் பாருங்கள். இரண்டையும் செய்தால்தான் முடிவு உறுதி. முதலில் அவருடைய பவர் சப்ளை போதுமா என்று கணக்குப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். உங்கள் கார்டு அங்கேயும் கறுப்பாக இருந்து, அவருடையது உங்களிடம் ஓடினால், கார்டு பழுது.

கடையில் வாங்கியிருந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. 'பணம் திருப்பித் தரப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. இணையத்தில் வாங்கியிருந்தால், பெரும்பாலான பொருள்களைக் கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. தனி ஆளிடம் பழையதாக வாங்கியதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

கடைக்குப் போகும்போது பில், கார்டு வந்த பெட்டி, கார்டின் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணின் படம், கோளாறு தெரியும் திரையை மொபைலில் எடுத்த வீடியோ, இவ்வளவையும் எடுத்துப்போங்கள். எந்தெந்தப் பரிசோதனை செய்தீர்கள், ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று ஒரு தாளில் தேதியோடு எழுதி, நகல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கார்டோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.